தோப்புக் களமா, மொட்டை மாடி அகாடமியா? சிலம்பம் சேரும் முன் பார்க்க வேண்டியவை

பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்க்க நினைக்கும் வீட்டுக்குக் கொங்குப் பக்கம் இன்று இரண்டு வழி இருக்கிறது. ஊருக்கு வெளியே தோப்பிலோ களத்து மேட்டிலோ வாத்தியார் நடத்தும் மண் களம் ஒன்று. ஈரோடு, திருப்பூர், கோவை போன்ற ஊர்களில் மொட்டை மாடியிலும் வாடகை மண்டபத்திலும் மாலையில் நடக்கும் அகாடமி இன்னொன்று. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இடம்பெற்ற பிறகு இரண்டாவது வகைக்கு மவுசு கூடியிருக்கிறது.

எது அசல் என்கிற சண்டைக்குள் நாம் போக வேண்டாம். ஒழுங்கு, உடை, பாதுகாப்பு ஆகியவற்றில் யார் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதைப் பார்த்தால் போதும். களத்தில் 'மரியாதை' என்று சொல்லித் தருவதில் பாதிக்கு மேல் அடிபடாமல் இருப்பதற்கான விதிதான். அதனால் மூன்றையும் தனித்தனியாகப் பேச முடியாது.

முதலில் இடம்

கம்பு நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஐந்தரை அடி ஆளுக்குக் கம்பு ஏறக்குறைய 5 அடி. நுனியைப் பிடித்து வீசினால் கை நீளம் 2 அடியும் சேர்ந்து 7 அடி தூரம் எட்டும். ஆக ஒருவர் சுற்ற 14 அடி விட்டம் தேவை. 30-க்கு 40 அடி மாடியில் இப்படி வரிசையாக நிறுத்தினால் நான்கு பேர்தான் நிற்கலாம். கம்பின் நடுவைப் பிடித்துச் சுற்றும் தொடக்கப் பாடம் என்றால் 9 அடி விட்டம் போதும், பன்னிரண்டு பேர் வரை தாங்கும். அதே மாடியில் முப்பது பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துப் போடும் இடத்தில் யாரும் முழுவீச்சில் பழகுவதில்லை. பழகினால் யாருக்காவது மண்டை உடையும்.

மண்டபத்தில் தலைக்கு மேல் கவனம் வேண்டும். உயர்த்திய கை 7 அடி, அதற்கு மேல் பாதிக் கம்பு இரண்டரை அடி. 10 அடி கூரையில் தொங்கும் மின்விசிறி அந்த எல்லைக்குள் வந்துவிடும். மாடியில் 3 அடி கைப்பிடிச் சுவர் நழுவிய கம்பை நிறுத்தாது, அது தெருவில் போகிறவர் மேல் விழும். பக்கத்தில் மின்கம்பி போகிற மாடியில் அலுமினியக் கம்பை எடுக்கவே கூடாது.

இடத்தில் தோப்புக் களம் வசதிதான், ஆனால் அதற்கும் தொல்லைகள் உண்டு. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னைக்கு நேர்கீழே களம் போட்டிருந்தால் தேங்காயும் மட்டையும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. இரண்டு வரிசைக்கு நடுவில் நின்று பழகுவதே சரி. சொட்டுநீர்க் குழாய் காலில் சிக்கும், அதை அன்றன்று சுருட்டி ஓரம் போட வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை வாரிக் கண்ணில் அடிக்கும். அந்த மாதங்களில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காலையில் பழகும் வாத்தியாருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம்.

கால்: வெறுங்காலா, ஷூவா?

மண்ணில் வெறுங்கால்தான். காலை எடுத்துவைக்கப் பழக்கும் காலடி வரிசையில் பாதம் திரும்பும் கோணம் ஷூவுக்குள் தெரியாது, வாத்தியாரும் திருத்த முடியாது. ஆனால் நெருஞ்சி முள்ளும் வேல முள்ளும் கிடக்கிற ஊர் இது. பழகும் முன் களத்தைக் கூட்டுவது சேர்ந்த முதல் நாளிலிருந்தே மாணவன் வேலை. செருப்பை வெளியே விடுவதும் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவதும் பக்தி மட்டுமல்ல. குனிந்து தொடுகிறவன் கண்ணில் கண்ணாடிச் சில்லு படும். 10, 16 வயதில் போடும் டிடி தடுப்பூசி (டெட்டனஸ், டிப்தீரியாவுக்கானது) விட்டுப்போயிருந்தால் சேரும் முன்பே போட்டுவிடுங்கள்.

சிமென்ட் தளத்தில் கதை வேறு. வெயில் தணியாத மாலை ஐந்து மணிக்குத் தரை கொதிக்கும். உட்கார்ந்து எழும் அடவுகளில் முட்டி நேரே தரையில் மோதும். அங்கே மெல்லிய, தட்டை அடிப்பாகமுள்ள ஷூ தவறில்லை. குதிகால் உயர்ந்த ஓட்டப் பயிற்சி ஷூ கணுக்காலைப் பிசகச் செய்யும். வழவழ டைல்ஸ் போட்ட மாடி என்றால் ஷூவும் காப்பாற்றாது, வேறு இடம் பாருங்கள்.

உடை: கச்சமா, டிராக் பேன்டா?

நாலு முழ வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கச்சமாகக் கட்டினால் தொடை தாராளமாக விரியும், காற்றும் புகும். ஆனால் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். பின்பக்கம் செருகிய முனை பாதிப் பாடத்தில் அவிழ்ந்து காலைத் தடுக்கிவிடும். மேலே துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினால் அது நழுவாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது பெரும்பாடு. கணுக்காலில் எலாஸ்டிக் வைத்த டிராக் பேன்டே நல்லது. கால் பக்கம் தொளதொளவென்று இருந்தால் வெறுங்காலில் குதிகாலுக்கு அடியில் மாட்டும், காலை நோக்கி வீசும் கீழ்வாரலில் கம்பு நுழையும்.

மேலுக்குத் திருப்பூர்ப் பருத்தி பனியனை மிஞ்சியது இல்லை. அகாடமிகள் பெயர் அச்சடித்துத் தரும் பாலியஸ்டர் டி-ஷர்ட் வியர்வையில் சீக்கிரம் காயும், கலர் போகாது, போட்டிக்கு அழகு. ஆனால் தீப்பந்தம் சுற்றும் நாளில் அதுவே ஆபத்து. பருத்தியிலும் தீப்பிடிக்கும், ஆனால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

மோதிரம், கைக்கடிகாரம், வளையல், கொலுசு, கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் இரண்டு இடத்திலும் கழற்றச் சொல்ல வேண்டும். மோதிர விரலில் அடி விழுந்தால் விரல் வீங்கி மோதிரம் இறங்காது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் துப்பட்டா வேண்டாம். பின்னல் வீசினால் கம்பில் சிக்கும், கொண்டையாகக் கட்டிவிடுங்கள்.

கம்பு

கல்மூங்கில் கம்பு எடை நிற்கும், காலம் தாங்கும். ஆனால் காய்ந்தால் நீளவாக்கில் வெடிக்கும். கணுவைச் சரியாகச் சீவாவிட்டால் உள்ளங்கையில் சிராய் ஏறும். பழைய பருத்தித் துணியால் கம்பை முழுக்க உருவிப் பார்த்தால் நூல் இழுபடும் இடம்தான் சிராய் கிளம்பிய இடம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் நல்லெண்ணெய் பூசினால் தீர்ந்தது. பிரம்பு வெடிக்காது, நார் நாராகப் பிரியும். அடித்தால் வளைந்து கொடுப்பதால் எதிராளியோடு பழகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. மலிவென்று பிவிசி பைப் தரும் இடங்களும் உண்டு. வெயிலில் காய்ந்த பைப் படக்கென்று உடைந்து கத்தி போல் கூராகும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நுனியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய கம்பு பார்க்க நன்றாக இருக்கும், வெடிப்பு அதற்குள்தான் ஒளிந்திருக்கும். மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

ஒழுங்கு: எங்கே எது நடக்கிறது?

களத்தில் தாமதமாக வந்தவன் எல்லைக்கு வெளியே நின்று, வாத்தியார் பார்த்துத் தலையசைத்த பிறகே உள்ளே வர வேண்டும். அகாடமியில் வரவரப் பையை வைத்துவிட்டு வரிசையில் நுழைகிறார்கள். சுற்றிக்கொண்டிருக்கிறவனின் முதுகுப் பக்கம் நுழைவதுதான் அடி வாங்க எளிய வழி. இதில் களம்தான் சரி. கீழே கிடக்கும் கம்பைத் தாண்டக்கூடாது என்பதும் அப்படியே: உருளும் கம்பில் கால் வைத்தால் கணுக்கால் போச்சு. கம்பை எறியாமல் இரு கையாலும் கொடுப்பது, 'நிறுத்து' என்றதும் நுனியைத் தரையில் ஊன்றுவது, சொல்லித் தராத சுற்றைச் சின்னப் பிள்ளைக்குக் காட்டாமல் இருப்பது ஆகியவற்றை அகாடமியிலும் கேட்டு வாங்குங்கள். 'ஏனுங் வாத்தியாரே' என்றாலும் 'மாஸ்டர்' என்றாலும் ஒன்றுதான்.

களம் சறுக்கும் இடம் வேறு. தலைக்கவசம் போட்டால் பயந்தவன் என்கிற பேச்சு இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறையில் இறங்கும்போது தலைக்கவசமும் மார்புக் கவசமும் வைத்திருக்கும் அகாடமியே மேல். அடிக்கடி அடிபடுவது விரல் முட்டி. வீங்கியதும் எண்ணெய் தேய்த்து உருவிக் கட்டுப் போடுவது களத்து வழக்கம். எலும்பு விரிசலாக இருந்தால் உருவுவது அதைக் கூட்டிவிடும். முதலில் துணியில் சுற்றிய ஐஸ், பிறகு எக்ஸ்ரே, மற்றதெல்லாம் அப்புறம். தலையில் அடிபட்டு வாந்தி, தூக்கக் கலக்கம் வந்தால் கம்பைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடிபட்டவர் அன்றைக்குத் திரும்பக் களத்தில் இறங்கக் கூடாது.

பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில், அது தோப்போ அகாடமியோ, சேர்க்காதீர்கள். நிலையைத் திருத்தப் பிள்ளையின் உடம்பில் கை வைக்க வேண்டியதில்லை, கம்பு நுனியால் காலைக் காட்டினாலே போதும். எல்லை மீறினால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

எங்கள் கணிப்பில், பன்னிரண்டு வயது வரை காலடிக்கும் ஒழுங்குக்கும் மண் களம். போட்டியும் சான்றிதழும் குறி என்றால் அதன் பிறகு அகாடமி, ஆனால் சான்றிதழ் தரும் சங்கம் ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மாரியம்மன் நோம்பிக்குத் தீப்பந்தம் சுற்றச் சொன்னால் எந்த இடமாக இருந்தாலும் பெட்ரோல் தொடக்கூடாது, மண்ணெண்ணெயில் நனைத்துச் சொட்டுவது நின்ற பிறகே பற்றவைக்க வேண்டும், நனைத்த கோணிச் சாக்கு இரண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அகாடமி டி-ஷர்ட் அன்றைக்கு வீட்டிலேயே கிடக்கட்டும்.