ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறீர்களா? என் 92,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், அங்கங்கே தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மதியம்தான் சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தேன். மொத்தம் 92,000 ரூபாய். இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த காசு. கடைப் பெயரை இப்போது போடவில்லை, புகார் கொடுத்து முடியும்வரை வேண்டாம் என்று வக்கீல் நண்பன் சொல்கிறான். மதுரையில், ஹோம் தியேட்டர் மட்டுமே விற்கிற, உள்ளே ஏசி போட்டு டெமோ ரூம் வைத்திருக்கிற ஒரு கடை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நான் ஒன்றும் தெரியாமல் போய் விழுந்தவன் இல்லை, அதுதான் இன்னும் எரிகிறது. முதல் நாள் அந்த ஓனர் எனக்கு ஒரு மணி நேரம் பாடமே எடுத்தார். "தம்பி, பிஎம்பிஓ 5000 வாட்ஸ்னு அட்டைப்பெட்டில போட்டிருப்பான், அது கண் இமைக்கிற நேர உச்ச பவர், நம்பிராதீங்க, ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தர்ற நிஜ பவர், எவ்வளவுன்னு கேளுங்க. ஒயர்ல ஏமாத்துவான், சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியம். காப்பர்னு சொல்லி அதைத்தான் விப்பானுங்க." காபி வந்தது. நான் கேட்ட பாட்டையே போட்டுக் காட்டினார், பேஸுக்கென்றே இருக்கிற பெட்டியான சப்வூஃபர் அடித்த அடியில் நெஞ்சு அதிர்ந்தது. அட்வான்ஸ் எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை. "வீட்டுக்குப் போயி யோசிங்க தம்பி, காசு எங்க போயிரும்?" என்றார். திருட்டுகளை இவ்வளவு விவரமாகச் சொல்லிக் கொடுக்கிறவர் திருட மாட்டார் என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன். எங்கள் ஹால் போட்டோவைக்கூடக் காட்டினேன், "பெர்ஃபெக்ட் ரூம்" என்றார். மறுநாளே 92,000 ரூபாயையும் மொத்தமாக அனுப்பிவிட்டேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 பர்சென்ட் கூடும், உங்களுக்கு எதுக்கு அந்தச் செலவு, எஸ்டிமேட்லயே எடுத்துக்கங்க, வாரன்டிக்கு நான் இருக்கேன்ல" என்றார். சரி அண்ணே என்றேன். வாயைக் கழுவ வேண்டும் எனக்கு.

மாட்டுவதற்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். டியூனிங்குக்கு ஓனரே வருவார் என்பது பேச்சு, வரவில்லை. வசனம் வருகிற சென்டர் ஸ்பீக்கரை டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில், தரையோடு தரையாக வைத்தார்கள். சப்வூஃபரைக் கையில் வந்த மூலையில் தள்ளினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். அன்று இரவு படம் போட்டால் வசனம் ஒன்றும் புரியவில்லை, குண்டு வெடித்தால் மட்டும் வீடு இடிகிற மாதிரி சத்தம், அதுவும் சோபாவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை, சமையலறையில் எவர்சில்வர் தட்டுகள் கிடுகிடு என்று ஆடுகின்றன. "பழைய டிவி சத்தமே தேவலைடா" என்று அம்மா எழுந்து போய்விட்டார். படம் ஓடாதபோதும் சப்பிலிருந்து கொர்ர்ர் என்று ஒரு இரைச்சல், நிற்கவே இல்லை.

அப்புறம் நானே உட்கார்ந்து பார்த்தேன். எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுகிற ரிசீவரோடு வருகிற மைக்கின் கவரே பிரிக்கவில்லை. அந்த மைக்கை உட்காரும் இடத்தில் வைத்தால்தான் ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம் என்று ரிசீவர் தானே அளந்துகொள்ளும். பின்னால் இருக்கிற ஒரு ஸ்பீக்கருக்குப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். கையளவு ஸ்பீக்கர்களை எல்லாம் 'லார்ஜ்', அதாவது பேஸையும் தாங்களே அடிக்கும் பெரிய ஸ்பீக்கர், என்று செட் செய்திருந்தார்கள், அவற்றில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற கனத்த பேஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும், போகவே இல்லை. சோபாவும் 14 அடி ஹாலுக்கு நட்ட நடுவில். அந்த நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தம் நடுவில் செத்துப்போய்ச் சுவரோரம்தான் பலமாக இருக்கும், சமையலறைச் சுவர் அங்கேதான் இருக்கிறது. சோபாவை இரண்டு அடி பின்னால் தள்ளி, மைக்கை வைத்து ஓட்டியதும் பாதி சரியானது. காசு வாங்கியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

சரி, கடைசியாக ஒயரைச் சுரண்டினேன், அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே. வெள்ளை.

போன் அடித்தேன். முதல் வாரம் "நாளைக்குக் காலைல முதல் வேலை உங்களுதுதான் தம்பி." இரண்டாம் வாரம் "பையன் ஊருக்குப் போயிருக்கான்." மூன்றாம் வாரம் மெசேஜில் ப்ளூ டிக் மட்டும். நேரில் போனேன். தம்பி என்று கூப்பிட்டவர் அன்று என்னை "சார்" என்றார், அதைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. காபி எல்லாம் இல்லை. "பிரச்சினை பெட்டில இல்ல சார், உங்க ரூம்ல. சுவத்துல சத்தத்தை உறிஞ்சுற பேனல் அடிக்கணும், 35,000 ஆகும், பண்ணிரலாமா?" ஏற்கெனவே 92,000 விட்டவனிடம் இன்னும் 35,000! அறை முக்கியம்தான், அது பொய் இல்லை, ஆனால் ஒயரில் இருக்கிற அலுமினியம் என் சுவரிலிருந்தா வந்தது? அதைக் கேட்டதும் வேறு கஸ்டமர் பக்கம் திரும்பிவிட்டார்.

இன்று சப்பைத் தூக்கிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார், இந்தப் பெட்டி 2021லேயே வேறு யாருக்கோ விற்றது, வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது. பின்பக்க ஸ்க்ரூ எல்லாம் ஏன் தேய்ந்திருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. பில் இருக்கிறதா என்றார். எஸ்டிமேட் சீட்டை நீட்டினேன். அதில் கடை முத்திரைகூட இல்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு மீட்டர் ஒயர்கூட வாங்காதீர்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும், காசு கொடுக்கும் முன் கம்பெனிக்குப் போன் போட்டு அந்த நம்பரைக் கேளுங்கள். பெட்டியை உங்கள் கண் முன் பிரிக்கச் சொல்லுங்கள். டியூனிங் முடிந்து நீங்கள் உட்கார்ந்து கேட்கும்வரை பாதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். ஏமாந்திருந்தால் 1915க்கு அடியுங்கள், நுகர்வோர் உதவி எண், நானும் நாளை காலை அடிக்கப் போகிறேன், காசு அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டும் மெசேஜும் மட்டும்தான் கையில் இருக்கின்றன.

மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன். கொர்ர்ர் சத்தம் மறுபடி ஆரம்பித்துவிட்டது, அம்மா கத்துகிறார், போய்ப் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.