சேம்பும் குத்து மூங்கிலும்: ஒரே தோட்டத்தில் பல ஆண்டுகள் வளர்த்த அனுபவம்

சேப்பங்கிழங்கு தரும் சேம்பையும் குத்தாக வளரும் மூங்கிலையும் பல ஆண்டுகளாக ஒரே தோட்டத்தில் வளர்த்து வருகிறேன். இரண்டும் நீரை விரும்பும் தாவரங்கள் என்றே பெரும்பாலும் சொல்லப்படுகின்றன. அதை நம்பி இரண்டையும் ஈரமான ஒரே மூலையில் நட்டால் ஏதாவது ஒன்று நலியும். இரண்டும் நன்றாக வளர நீர் தேவைதான். அந்த நீர் வேரருகே தேங்கலாமா, வடிந்தாக வேண்டுமா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. நான் வளர்ப்பது பக்கக் கிழங்குகளை நிறைய விடும் சேம்பு வகையும், வேலிக்குப் பயன்படும் நடுத்தர உயரமுள்ள பாம்புசா மல்டிபிளெக்ஸ் மூங்கிலும் ஆகும். பரவி ஓடும் மூங்கில் வகைகளுக்கு இங்கே சொல்வது அப்படியே பொருந்தாது.

சேம்பின் வேரிலும் இலைக்காம்பிலும் காற்றைக் கீழே கொண்டுசெல்லும் இடைவெளிகள் நிறைந்த திசு உண்டு. இலை வாங்கும் காற்று அதன் வழியே வேருக்குப் போவதால், மண் முழுவதும் நீரில் மூழ்கியிருந்தாலும் வேர் மூச்சுத் திணறுவதில்லை. நெல்லைப் போலத் தேங்கிய நீரில் சேம்பைப் பயிரிட முடிவது இதனால்தான். ஆயினும் எல்லாத் தேக்கமும் அதற்கு ஒன்றல்ல. மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் குளிர்ந்த நீரில் கிழங்கு நன்றாகத் திரளும்; அசையாமல் கிடந்து வெயிலில் சூடேறும் நீரில் பித்தியம் என்னும் நுண்ணுயிரி பெருகிக் கிழங்கு அழுகத் தொடங்கும். எனவே சேம்புப் பாத்திக்கு ஒரு பக்கம் நீர் நுழையவும் மறுபக்கம் வழியவும் வழி செய்து கொடுப்பதே நல்லது. அத்தகைய வசதி இல்லாத இடத்தில், நீரைத் தேக்காமல், இலைதழையால் மண்ணை மூடும் மூடாக்குப் போட்டு மண்ணை எப்போதும் ஈரமாக வைத்திருந்தால் போதும். அகன்ற இலைகள் வழியாக நீர் வேகமாக ஆவியாவதால், சில நாள் காய்ந்தாலும் ஓரங்கள் பழுப்பேறும். அடுத்து வரும் இலை முந்தியதைவிடச் சிறியதாக விரியும். வளர்ச்சிக் காலத்தின் நடுவில் இலை இப்படிச் சிறுத்தால், கிழங்கும் சிறுத்துவிடும் என்று கொள்ளலாம்.

மூங்கிலின் கதை வேறு. அதன் வேர்த்தொகுதியில் பெரும்பகுதி மண்ணின் மேலடுக்கிலேயே நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிறது. அந்த அடுக்கில் ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். கனமழைக்குப் பின் ஓரிரு நாள் நீர் நின்று வடிந்தால் அது பொறுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் நின்றால் இலைகள் மஞ்சளாகும், மண்ணுக்குள் தயாராகிக் கொண்டிருக்கும் முளைகள் வெளியே வராமலேயே அழுகிவிடும். நட்ட முதல் இரண்டு ஆண்டுகளில் அடிக்கடி நீர் பாய்ச்ச வேண்டிய மூங்கில், குத்து நிலைத்த பிறகு வறட்சியை வியப்பூட்டும் அளவுக்குத் தாங்குகிறது. நீர் வேண்டுமா என்பதை அதன் இலையே காட்டிவிடும்: குறை ஏற்பட்டால் இலை நீளவாக்கில் சுருண்டு ஊசிபோல் ஆகும். உச்சி வெயிலில் சுருண்டு மாலையில் விரிந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. விடியற்காலையிலும் சுருண்டே இருந்தால் அன்றே ஆழமாக நீர் பாய்ச்ச வேண்டும்.

இந்த வேறுபாட்டை வைத்துப் பார்க்கும்போது, சரிவின் மேற்பகுதியில் மூங்கிலையும் நீர் வந்து சேரும் அடிப்பகுதியில் சேம்பையும் நடுவதே எனக்கு மிகச் சரியான அமைப்பாகத் தோன்றுகிறது. சமதளமாக இருந்தால் மூங்கிலுக்கு ஒரு மேடு அமைத்து, எடுத்த மண்ணின் பள்ளத்தைச் சேம்புக்கு விடலாம். இடைவெளியைத் தாராளமாக விடுவது மிக முக்கியம். குத்து மூங்கிலின் வேர்த்தண்டு, அதாவது மண்ணுக்குள் வளரும் தண்டு, குட்டையானது. அது ஓடிப் பரவாது என்பது உண்மைதான். ஆனால் அதன் மெல்லிய வேர்கள் குத்தின் விளிம்பைத் தாண்டி வெகுதூரம் வரும். ஈரமும் எருவும் நிறைந்த சேம்புப் பாத்தி அருகில் இருந்தால் அவை அங்கேதான் வந்து குடியேறும். அத்தகைய பாத்தியைக் கிளறினால் கிழங்கைவிட மூங்கில் வேர்தான் அதிகமாகக் கிடைக்கும். பரவாத மூங்கிலுக்கு எதற்கு இவ்வளவு இடைவெளி என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

நிழலில் சேம்பு சமாளிக்கும். காம்பு நீண்டு இலை அகலமாகும், கிழங்கு மட்டும் சற்றுக் குறையும். மூங்கிலுக்கு அரை நாள் வெயிலாவது வேண்டும். பலத்த காற்றில் சேம்பின் இலைகள் கிழிந்துபோவதால், காற்று வரும் திசையில் மூங்கில் நிற்பது நல்ல துணை.

எதிர்பார்ப்புகள் தவறுவது பெரும்பாலும் காலக் கணக்கில்தான். சேம்பு நட்டதிலிருந்து ஏழு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் அறுவடைக்கு வந்துவிடும். முதல் பாதியில் இலையைப் பெருக்கும், பிறகு கிழங்கைத் திரட்டும். இறுதியில் இலைகள் மஞ்சளாகிச் சிறுப்பது நோயன்று, முதிர்ச்சி. அப்போது நீரைக் குறைப்பதே முறை. தழைச்சத்தை (நைட்ரஜன்) தொடக்கத்திலேயே கொடுத்து முடித்துவிட வேண்டும். பிந்திக் கொடுத்தால் இலைதான் செழிக்கும். கிழங்கு திரளச் சாம்பல் சத்து (பொட்டாசியம்) தேவை. இவற்றின் பலனை அதே பருவத்தில் தோண்டிப் பார்த்துவிடலாம்.

மூங்கிலில் அப்படிப் பார்க்க முடியாது. ஒரு கழி மண்ணைவிட்டு வெளிவரும்போதே அதன் முழுத் தடிமனுடன் வருகிறது. சில மாதங்களுக்குள் முழு உயரத்தை எட்டிய பின் அது தடிப்பதும் இல்லை, உயர்வதும் இல்லை. அந்தக் கழியைக் கட்டத் தேவையான உணவை முந்தைய ஆண்டுகளின் கழிகளும் இலைகளும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஆகவே இவ்வாண்டு இட்ட தொழுவுரத்தின் முழுப் பலனை அடுத்த பருவத்து முளைகளின் தடிமனில்தான் காணலாம். குச்சிபோல வந்த முதல் கழிகளைப் பார்த்துவிட்டு இந்த வகை தடிக்காது என்று முடிவுகட்டுவதோ, அவற்றை வெட்டி எறிவதோ குத்தையே பலவீனப்படுத்தும். மூன்று நான்கு ஆண்டுகளைத் தாண்டிய கழிகளை மட்டும், தரையை ஒட்டிய கணுவுக்குச் சற்று மேலே வெட்டி எடுத்தால் குத்தின் நடுவில் காற்றோட்டம் கிடைக்கும். உதிர்ந்த இலைகளைப் பெருக்கி அகற்றாமல் அடியிலேயே விடுவது நல்லது; அவற்றிலுள்ள சிலிக்கா மீண்டும் மண்ணுக்குப் போய்ச் சேரும், வேரும் குளிர்ச்சியாக இருக்கும். தூய்மையை விரும்புபவர்களுக்கு இது சற்று உறுத்தலாக இருக்கலாம்.

வேலைச்சுமையில் சேம்பே கூடுதல். கிழங்கு வெளியே தெரியாதபடி மண் அணைக்க வேண்டும், களை எடுக்க வேண்டும். சேம்பிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் நுண்படிகங்களால் கை அரிக்கும் என்பதால் கையுறையும் வேண்டும். நோய்க்கும் அதுவே எளிதில் ஆளாகும். பைட்டோப்தோரா கோலோகேசியே என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரி உண்டாக்கும் இலைக்கருகல், 1993இல் சமோவா நாட்டின் சேம்புப் பயிரையே முடக்கிப் போட்டது. ஈரமான இரவுகளில் வேகமாகப் பரவும் நோய் இது. செடிகளுக்கிடையே இடைவெளி விட்டு நடுவதும், புள்ளி தோன்றிய இலைகளை உடனே அகற்றுவதும் உதவும். மூங்கிலில் மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும் வரும். நிலைத்த குத்தை அவை பெரிதாக ஒன்றும் செய்துவிடுவதில்லை.

குளிரில் இந்த மூங்கில் ஏறக்குறைய மைனஸ் 9 டிகிரி செல்சியஸ் வரை தாங்கக்கூடியது. சேம்போ 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்திவிடும், உறைபனியில் இலைகள் கருகும். அத்தகைய இடங்களில் கிழங்கைத் தோண்டி உலர்வான, உறையாத இடத்தில் வைத்திருந்து வெப்பம் திரும்பியதும் நட வேண்டும்.

தொட்டியில் வளர்ப்போருக்கு இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். சேம்புத் தொட்டியை நீர் நிரம்பிய தட்டில் நிறுத்தி, நீரை அவ்வப்போது மாற்றினால் போதும். மூங்கில் தொட்டிக்கு வடிகால் துளைகள் தாராளமாக இருக்க வேண்டும். சில ஆண்டுகளில் வேர்த்தண்டுகள் தொட்டியை அடைத்துவிடும்போது, முளை வரும் பருவத்துக்குச் சற்று முன்னதாக வெளியே எடுத்து, ரம்பத்தால் அறுத்துப் பிரித்து நட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் வேரும் முளைக்கண்ணும் உள்ள இரண்டு மூன்று கழிகளாவது இருப்பது நல்லது.