இணையவழித் தொழிற்பயிற்சிக்கு நான்கு வழிகள்: ஓர் அரசு எதில் பணம் போடலாம்?

வேலை செய்யும் வயதில் உள்ள இலட்சக்கணக்கானோருக்குப் புதிய திறன் கற்றுத்தர வேண்டும் என்று ஓர் அரசு முடிவெடுத்தால், முதலில் முன்வைக்கப்படும் யோசனை இணையவழிப் படிப்புதான். கட்டடம் எழுப்ப வேண்டாம். ஒருமுறை பதிவு செய்த பாடத்தைப் பத்தாயிரம் பேரும் பார்க்கலாம், பத்து இலட்சம் பேரும் பார்க்கலாம். ஆனால் இந்த ஒரே பெயருக்குள் நான்கு வெவ்வேறு திட்டங்கள் அடங்கியிருக்கின்றன. பெரிய தனியார் தளத்திடம் மொத்தமாக உரிமம் வாங்குவது ஒன்று. சொந்தமாகத் தேசியத் தளம் கட்டுவது இன்னொன்று. ஒவ்வொருவர் கணக்கிலும் பயிற்சிப் பணம் போட்டு, பிடித்த படிப்பை அவரவரே தேர்ந்தெடுக்க விடுவது மூன்றாவது. பாடத்தை இணையத்திலும் செய்முறையைப் பட்டறையிலும் வைத்துக் கலந்து நடத்துவது நான்காவது.

நான்கையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: சேர்ந்தவரைக் கடைசிவரை கூட்டிச்செல்லும் பொறுப்பு யாருடையது, அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள்? பாடத்தைக் கொண்டுசேர்ப்பது இன்று மலிவு. முடிக்கவைப்பது இன்னும் மலிவாகவில்லை.

எம்ஐடியும் ஹார்வர்டும் 2012 முதல் 2018 வரை நடத்திய திறந்த இணையப் படிப்புகளின் பதிவுகளை ஜஸ்டின் ரீச், ஹோசே ருய்பெரெஸ்-வாலியென்டே இருவரும் ஆராய்ந்து, 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பெயர் பதிந்தவர்களில் 52 விழுக்காட்டினர் பாடப் பக்கத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18இல் படிப்பை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால், அதே ஆண்டில் 46 விழுக்காட்டினர் முடித்திருக்கிறார்கள். இதைப் பார்த்து, கட்டணம் வைத்தால் எல்லோரும் முடிப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முடித்தே தீருவேன் என்று வந்தவர்கள்தான் பெரும்பாலும் பணம் கட்டியிருப்பார்கள்.

நினைவூட்டல், திட்டமிடச் சொல்லும் குறிப்பு போன்ற சிறு தூண்டுதல்கள் போதாதா என்ற கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது. 247 இணையப் படிப்புகளில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேரிடம் நடத்திய சோதனை 2020இல் வெளியானது. எப்போது, எப்படிப் படிக்கப் போகிறேன் என்று எழுதவைத்தபோது முதல் சில வாரங்களில் ஆர்வம் கூடியது. முடித்தவர் எண்ணிக்கையில் அதன் தாக்கம் தெரியவில்லை. குறுஞ்செய்தி அனுப்புவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி இரண்டு பேரை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒருவர் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். தரவுப் பகுப்பாய்வு கற்க வேண்டும். இன்னொருவர் பெட்ரோல், டீசல் வண்டிகளைப் பழுதுபார்த்துப் பழகிய மெக்கானிக். மின்வாகனத்துக்கு மாற வேண்டும். நான்கு வழிகளும் இவர்களுக்கு என்ன செய்கின்றன?

உரிமம் வாங்குவது

வேகத்தில் இதற்கு நிகரில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தோருக்காகக் கோர்செரா நிறுவனம் 3,800 படிப்புகளை அரசுகள் வழியாக ஆண்டிறுதிவரை இலவசமாகத் திறந்துவிட்டது. அப்படியொரு நெருக்கடியில் எந்த அரசும் சொந்தமாக அவ்வளவு பாடங்களை உருவாக்கியிருக்க முடியாது. நம் கணக்காளர் மறுநாளே படிக்கத் தொடங்கலாம். மெக்கானிக்குக் கிடைப்பது அறிமுக வீடியோக்கள். அவையும் அநேகமாக அவர் மொழியில் இருக்காது.

ஒப்பந்தம் எத்தனை லாகின் என்ற கணக்கில் எழுதப்பட்டால், கடைசிவரை கூட்டிச்செல்ல விற்றவருக்கும் அவசியமில்லை, ஆண்டறிக்கையில் பெரிய எண்ணைக் காட்ட விரும்பும் துறைக்கும் அவசியமில்லை. தேர்வு எழுதி முடித்தவருக்கு மட்டும் பணம் என்று எழுதினால் நிலைமை மாறும். அதற்குச் சம்மதிக்காத நிறுவனத்திடம் குறுகிய கால ஒப்பந்தம் மட்டுமே போடலாம்.

தேசியத் தளம்

இந்தியாவில் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்ஸியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல், 2017இல் வந்த ஸ்வயம், தென்கொரியாவில் 2015இல் வந்த கே-மூக் எல்லாம் இந்த வகை. இவற்றில் என்பிடெல்லின் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பாடம் படிக்கக் கட்டணமில்லை. வாராவாரம் ஒப்படைப்பு உண்டு. சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். இறுதி மதிப்பெண்ணில் தேர்வுக்கு 75 விழுக்காடு, ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடு. அந்த மையத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்து எழுதுவதால்தான் சான்றிதழை ஒரு முதலாளி நம்ப முடிகிறது. வீட்டில் இருந்தபடி யார் வேண்டுமானாலும் யாருக்காகவும் பொத்தானை அழுத்திப் பெறும் சான்றிதழுக்கு அந்த மதிப்பு வராது.

படிப்பவரின் மொழியில் பாடம், நாட்டின் சட்டதிட்டத்துக்கு ஏற்ற உள்ளடக்கம், படித்தவர் பற்றிய தரவு அரசிடமே இருப்பது ஆகியவை இந்த வழியின் பலங்கள். ஆனால் இத்தகைய தளங்களைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார். பேராசிரியருக்கு எளிதாக வருவது விரிவுரை. ஆகவே கணக்காளர் இங்கேயும் நன்றாக ஊன்றிக்கொள்கிறார். மெக்கானிக்குப் பெரும்பாலும் கிடைப்பது மின்வேதியியல் பாடம். இன்னொரு ஆபத்து, திறப்பு விழாவோடு பணம் தீர்ந்துபோவது. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய மென்பொருளை விளக்கும் வீடியோ, தேடி வந்தவரின் நேரத்தை வீணடிக்கும். புதுப்பிக்கும் செலவை முதல் நாளே ஒதுக்காத தேசியத் தளத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

பயிற்சிக் கணக்கு

எந்தப் படிப்பு வேண்டும் என்று தொழிலாளியே முடிவெடுப்பது மரியாதையான ஏற்பாடு. ஆனால் மூன்று நாடுகளின் அனுபவத்தைப் படிக்காமல் இதில் யாரும் இறங்கக் கூடாது.

இங்கிலாந்து 2000இல் தனிநபர் கற்றல் கணக்கு திட்டத்தைத் தொடங்கியது. 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் திறக்கப்பட்டன. பயிற்சி நிறுவனங்களின் தரத்தை முன்கூட்டிச் சோதிக்கும் ஏற்பாடு இல்லாததால், கற்பிக்காமலே பணம் பெற்றவர்கள் புகுந்தார்கள். மோசடிப் புகார்கள் குவிந்து, 2001 நவம்பரில் திட்டம் மூடப்பட்டது. நேர்மையாக நடத்திய சிறு பயிற்சி நிலையங்களும் அதில் அடிபட்டன.

பிரான்சு 2015இல் இதே யோசனையை வேறு வடிவில் எடுத்தது. 2019 நவம்பரில் செயலியும் வந்தது. ஆண்டுக்கு 500 யூரோ வீதம் 5,000 யூரோ வரை கணக்கில் சேரும், தகுதிச் சான்று குறைந்தவர்களுக்கு 800 யூரோ வீதம் 8,000 வரை. வசதி கூடியதும் தொல்லையும் கூடியது. பணத்தைக் கறக்கத் தொலைபேசியில் விடாமல் அழைப்பு வந்ததால், அப்படி அழைப்பதையே 2022 டிசம்பரில் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. 2024 மே மாதம், படிப்பவர் 100 யூரோ தன் கையிலிருந்து தர வேண்டும் என்ற விதி வந்தது. வேலை தேடுவோருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை நான் மனதார வரவேற்கிறேன்.

சிங்கப்பூரின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கு 2016இல், 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 500 சிங்கப்பூர் டாலர் கொடுத்துத் தொடங்கியது. அங்கும் 2017இல் ஒரு கும்பல் போலி விண்ணப்பங்களால் ஏறத்தாழ 4 கோடி டாலர் பயிற்சி மானியத்தைச் சுருட்டியது தெரியவந்தது. நாடு திட்டத்தைக் கைவிடவில்லை, வாசலை இறுக்கியது. 2024 மே மாதம் 40 வயதைக் கடந்தவர்களுக்குக் கூடுதலாக 4,000 டாலர் கொடுத்தபோது, வேலைவாய்ப்பைக் கூட்டும் எனத் தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கு மட்டுமே அதைச் செலவழிக்கலாம் என்று வரம்பு வைத்தது.

தரச் சோதனை இல்லாத பயிற்சிக் கணக்கு வேலியில்லாத பயிர். பயிற்சி நிலையங்களை நேரில் போய்ப் பார்க்க ஆள் இல்லாத அரசு, இந்த வழியைத் தள்ளிப்போடுவது நல்லது. ஆள் இருந்தாலும் ஒரு குறை மிஞ்சுகிறது: எந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் தேர்வுரிமை பயன்படும். நம் மெக்கானிக்கின் கையில் பணம் இருக்கிறது. எந்தப் படிப்பு வேலைக்கு உதவும் என்று அவருக்குச் சொல்ல, பேசத் தெரிந்த ஓர் ஆலோசகர் வேண்டும்.

கலந்து நடத்துவது

மின்வாகன மின்கலத்தின் அழுத்தம் பொதுவாக 400 வோல்ட் அளவில் இருக்கும், சிலவற்றில் 800. பழுதுபார்க்கும் முன் மின்கலத்தைத் துண்டிக்க வேண்டும், மின்தேக்கியில் தங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருக்க வேண்டும், மின்காப்புக் கையுறையில் ஓட்டை இல்லையென்று பார்க்க வேண்டும், மீட்டர் வைத்து அழுத்தம் போய்விட்டதை உறுதிசெய்ய வேண்டும். இந்த வரிசையை வீடியோவில் அழகாகக் கற்கலாம். ஆனால் அவர் அதை ஒழுங்காகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் வேண்டும். தவறினால் உயிர் போகும் தொழிலில் பார்த்தவருக்கும் செய்தவருக்கும் ஒரே சான்றிதழ் தருவது பெரும் பிழை.

ஜெர்மனியின் இரட்டைமுறைப் பயிற்சியில், முந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்களில், வாரத்தின் பெரும்பகுதியைப் பட்டறையிலும் ஓரிரு நாட்களைப் பள்ளியிலும் கழிக்கிறார்கள், ஊதியமும் உண்டு. அந்தப் பள்ளிநாட்களின் பாடத்தில் கணிசமான பங்கை இணையத்துக்கு மாற்றலாம். அப்படிச் செய்தால் தொலைவில் இருப்பவரும் சேரலாம், பட்டறை நேரமும் முழுதாகக் கைவேலைக்குக் கிடைக்கும். இதில் பொறுப்பாளி யார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறது: பட்டறைப் பயிற்றுநர்.

கைவேலை இல்லாத படிப்புக்கும் ஆள்துணை தேவைப்படுகிறது. 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் வானொலி, தொலைக்காட்சி வழியே பாடம் நடத்தினாலும், விடைத்தாளைத் திருத்திக் கருத்து எழுதத் தனி ஆசிரியர்களை வைத்திருந்தது. 2014இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் தொடங்கிய இணையவழி முதுகலைக் கணினிப் படிப்புக்கு மொத்தக் கட்டணம் ஏறத்தாழ 7,000 டாலர்தான். அதற்குள்ளும் ஏராளமான துணைப் பயிற்றுநர்களை வைத்து நடத்துகிறார்கள். தொலைதூரக் கல்வி நிலைத்து நின்ற இடங்களில் இந்தச் செலவை யாரும் மிச்சம்பிடிக்கவில்லை.

கலந்து நடத்தும் வழியின் பலவீனம் வேகம். பயிற்றுநர்களையும் பட்டறை இடங்களையும் ஒரே ஆண்டில் பத்து மடங்காக்க முடியாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி உலகில் 260 கோடிப் பேருக்கு இணையமே இல்லை. அவர்களை உள்ளே கொண்டுவரக்கூடிய ஒரே வழியும் இதுதான். பட்டறையிலேயே கணினியும் இணைப்பும் இருந்தால் வீட்டில் இல்லாதது தடையாகாது.

என் தேர்வு

பணம் என் கையில் இருந்தால் பெரும்பங்கை நான்காவது வழிக்கே தருவேன். தேசியத் தளத்தை அதன் பாடப்பகுதியாக, தேர்வு மையங்களோடு சேர்த்துக் கட்டுவேன். மென்பொருள் போன்ற வேகமாக மாறும் துறைகளுக்கு மட்டும் உரிமம் வாங்குவேன். நாடு முழுவதும் ஒன்றைப் பற்றிய பொது அறிமுகம் தேவையென்றால் தனி இணையப் படிப்பே போதும். பின்லாந்து தன் மக்களில் ஒரு விழுக்காட்டினருக்குச் செயற்கை நுண்ணறிவின் அடிப்படையைச் சொல்லித்தர 2018இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் வழியாகத் திறந்த படிப்பு அதற்கு நல்ல முன்மாதிரி.

நான்கு வழிகளிலும் விடுபடும் செலவு ஒன்று உண்டு: படிக்கும் நேரம். எட்டு மணிநேர வேலைக்குப் பிறகு, வீட்டுப் பொறுப்பும் முடிந்து, இரவில் பாடத்தைத் திறப்பவர் நாலாவது வாரத்தில் நின்றுபோனால் அது சோம்பல் ஆகாது. சிங்கப்பூர் 2025 முதல், 40 வயதைக் கடந்து முழுநேரப் பயிற்சிக்குச் செல்வோருக்கு அவர்களுடைய வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 டாலர் வரை, அதிகபட்சம் 24 மாதங்களுக்குத் தருகிறது. எந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தாலும், வாரத்துக்குச் சில மணிநேரமாவது ஊதியத்தோடு படிக்க முதலாளியை ஒப்புக்கொள்ளவைத்து, அந்த இழப்பில் ஒரு பங்கை அரசு ஈடுகட்ட வேண்டும். பயிற்சித் திட்டத்தின் செலவு மதிப்பீட்டில் அதற்கென ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.