வரையாட்டுப் புழுக்கைக்கு மைக்ரோசாட்டலைட்டா, ஸ்னிப்பா?

வால்பாறை மேல அக்காமலைப் புல்மேட்டுல வரையாட்டுப் புழுக்கை பொறுக்குற கூட்டம் நாங்க. மரபணு வகை குறையுதான்னு வருஷக்கணக்கா பாக்க எந்த டெஸ்ட் நல்லதுன்னு கேக்குறாங்க. ரெண்டு இருக்கு: மைக்ரோசாட்டலைட்னா டிஎன்ஏல ஒரே எழுத்துக்கொத்து திரும்பத் திரும்ப வர்ற துண்டப் பாக்குறது, ஸ்னிப்னா ஒரே ஒரு எழுத்து ஆட்டுக்கு ஆடு மாறுற இடத்தப் பாக்குறது. நாங்க ஸ்னிப் பக்கம் போயாச்சு, அதனால நடுநிலைய எதிர்பாக்காதீங்க.

தலைய எண்ணுனா போதாதா? 2025ல ரெண்டு ஸ்டேட்டும் சேந்து எண்ணுனதுல கேரளா 1,365, தமிழ்நாடு 1,303. ஆனா 2022 குன்மிங்-மாண்ட்ரியல் பல்லுயிர் ஒப்பந்த அளவுகோல்படி மரபணுக் கணக்குல (தலைக்கணக்கு இல்ல, அடுத்த தலைமுறைக்கு மரபணுவக் கடத்துற அளவு) ஒரு கூட்டத்துக்கு 500 வேணும், டிஎன்ஏ டேட்டா இல்லாட்டி தோராயமா 5,000 தலைன்னு வைப்பாங்க. எல்லாக் கூட்டமும் பெயில், இதுல எது மோசம்னு எப்படிச் சொல்றது? டிஎன்ஏவத்தான் பாக்கணும். அதுக்கு ரத்தம் எடுக்கணும்னா மயக்க ஊசி, பர்மிஷன், பாறை விளிம்பு... ஆள விடுங்க.

ஆக புழுக்கைதான். மேல பளபளன்னு ஈரம் இருக்குறதா பாத்து குச்சியால எடுத்து எத்தனால்ல போடணும், குடல் செல்லு வெளிப்பக்கம்தான் ஒட்டியிருக்கும், ஒரு மழை போதும் கழுவிட்டுப் போயிரும்.

மைக்ரோசாட்டலைட்டுக்கு ஆரம்பச் செலவு கம்மி, அபூர்வ வகை காணாமப் போறதயும் நல்லா காட்டிக்குடுக்கும். ஆனா அது டிஎன்ஏ துண்டோட நீளத்த அளக்குற வேலை, ஒரு மெஷின் 182ன்னா இன்னொண்ணு 184ங்கும். இந்தப் பக்கம் அக்காமலை, தாண்டுனா கேரளாவோட இரவிகுளம், ஆட்டுக்கு ஏது பார்டர், ஆனா சாம்பிள் மட்டும் இங்க ஒரு லேப் அங்க ஒரு லேப்னு போகும், பத்து வருஷம் கழிச்சு அந்த மெஷினே இருக்காது. பழைய சாம்பிளத் திரும்ப ஓட்டிச் சரிபாக்காம ரெண்டு லிஸ்டயும் சேக்க முடியாது, அப்புறம் குறைஞ்சுதுன்னு எத வச்சுச் சொல்றது? ஸ்னிப்ல அந்த இடத்துல ஏ-யா ஜி-யா, அவ்ளோதான், எந்த லேப்லயும் அதே பதில். போதாக்குறைக்கு, புழுக்கை டிஎன்ஏ சிதைஞ்சிருந்தா அப்பா வழி அம்மா வழி ரெண்டுல ஒண்ணு பிசிஆர்ல (டிஎன்ஏவ நகலெடுக்குற வேலை) விட்டுப்போகும், வகை குறைஞ்ச மாதிரியே பொய்க் கணக்கு வரும். ஸ்னிப்புக்கு குட்டித் துண்டு போதுங்குறதால இந்தத் தொல்லை கம்மி, இல்லவே இல்லங்கல.

ஸ்னிப்புலயும் ஒரு வில்லங்கம். எந்த ஊரு ஆட்ட வச்சு இடங்களத் தேர்ந்தெடுத்தோமோ அந்த ஊருக்கே வகை தூக்கலாத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்க இருக்குறது மரபணுல தனியாப் பிரிஞ்ச கூட்டம், ஆனைமலை ஆட்ட மட்டும் வச்சு செட் பண்ணா வடக்க நீலகிரில இருக்குற முக்கூர்த்தி ஆட்டுக்கு வகை கம்மின்னு காட்டிரும். நாங்க பாத்தது தெக்க மட்டும், அங்கத்த நெலவரத்த அங்க வேலை பாக்குறவங்கதான் சொல்லணும்.

எத எடுத்தாலும் சாம்பிள்ல பாதிய ஓட்டாம பிரீசர்ல வைங்க. லேபிள்ல பென்சிலால எழுதுங்க, எத்தனால் பட்டா மார்க்கர் மை ஓடிரும்.