குழாய்ப் பந்தலும் குனியும் மூலைக்காலும்

கொல்லையில் இரும்புக் குழாய் நட்டு நான் போட்டிருக்கும் கொடிப்பந்தலின் ஈசானிய மூலைக்காலை இந்த வாரம் மறுபடியும் நிமிர்த்தி நட்டாயிற்று. திருவையாற்றில் இருக்கும் மைத்துனர், பொழுதுபோக்காகத் தாமும் அப்படியொன்று போடலாமா என்று கேட்டிருக்கிறார். குழாயின் கனம், கம்பியின் கேஜ் முதலியவற்றை இரும்புக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். மூலைக்கால் ஏன் சாய்கிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

மன்னார்குடிப் பக்கத்துக் களிமண் சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசி மழையில் உப்பி அந்த வெடிப்பை மூடிக்கொள்ளும். ஆண்டுதோறும் இப்படிச் சுருங்கியும் விரிந்தும் அசையும் மண்ணில், குழாயைச் சுற்றிப் போட்ட கான்கிரீட் பிடிப்பற்றுப் போகிறது. நடுக்கால்களை இருபுறமும் கம்பி சமமாக இழுப்பதால் அவை தப்பித்துக்கொள்கின்றன. மூலைக்காலையோ இரண்டு திசைக் கம்பிகளும் பந்தலின் உட்புறமாகவே இழுக்கின்றன. ஆடியில் ஊன்றிய புடலையும் பீர்க்கும் காய்த்துத் தொங்க, நனைந்த இலைகளின் பாரமும் சேர, கால் சிறிது சிறிதாக உள்ளே குனிகிறது. கம்பி தொய்ந்த பள்ளத்திலேயே கொடியெல்லாம் வந்து குவிந்து, அடியிலுள்ள இலைகள் வெயில் படாமல் பழுத்துவிடுகின்றன.

தொய்வைப் போக்க, கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் போதும் என்று சொல்லி விற்றார்கள். அதை முறுக்க முறுக்கக் கம்பி விறைக்கவில்லை, கால்தான் இன்னும் குனிந்தது. அந்தக் கடைக்காரர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தணியவில்லை. வயல்களில் கல்தூண் நட்டுப் பந்தல் போடுகிறவர்கள் மூலைத்தூணை வெளிப்புறம் சாய்த்து நட்டு, அதன் தலையிலிருந்து ஓர் இழுகம்பியை வெளியே கொண்டுபோய், ஆழப் புதைத்த கருங்கல்லில் கட்டுவார்கள். இப்போது செய்திருப்பதும் அதுவே. கொல்லை வேலிக்கும் பந்தலுக்கும் இடையே நடக்கும் வழியை அந்தக் கம்பி அடைத்துக்கொண்டு, இருட்டில் காலைத் தடுக்குவது வேறு கதை.

பந்தலின் மேல் எனக்கு விரோதமில்லை. காய்க்காகப் போட்ட பந்தலில் பூ இவ்வளவு பொழுதைக் கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பொழுது சாயும் நேரத்தில் பீர்க்கின் மஞ்சள் பூக்கள் விரியும். இருட்டிய பிறகு புடலையின் வெள்ளைப் பூக்கள், இதழோரமெங்கும் நூல் நூலாகப் பிரிந்த குஞ்சங்களோடு மலர, அந்துப்பூச்சிகள் வந்து மொய்க்கும். கயிற்றுக்கட்டிலை அடியில் போட்டுக்கொண்டால், பிஞ்சுப் புடலை வளையாமலிருக்க நுனியில் கட்டிவிட்ட கூழாங்கற்கள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கும். மாத்திரையில்லாமல் எனக்குத் தூக்கம் வருவது அங்கேதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, முன்பிருந்த மூங்கில் பந்தல் கொடியோடு தரையில் படுத்துவிட்டது. அதனால்தான் இரும்புக்கு மாறினேன். அதற்குப் பின் இந்த மூலைக்காலையும் குழாய்கள் துருவேறியதையும் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் கடப்பாரை பிடித்த தோள் வலிக்கிற இந்த வாரத்தில் கேட்டதால், மைத்துனருக்கு என் பதில், மூங்கிலே போதும் என்பதுதான். இரண்டு மூன்று ஆண்டில் அது மண்மட்டத்தில் இற்றுப்போகும்; அப்போது வேறு மூங்கில் நட்டுக்கொள்ளலாம். எங்கள் ஆற்றுப்படுகை மண்ணில் கால் இப்படிக் குனியாது என்று அவர் வாதிடுவார். குனியாதுதான்.