முழு விலை கேமா, இலவச கேமா?

கொழும்பு வெள்ளவத்தையில் பிள்ளைக்கு ஒரு வீடியோ கேம் எடுத்துக் கொடுக்க இரண்டு வழி. ஒரேயடியாகக் காசு கொடுத்து வாங்கலாம். இல்லாவிட்டால் இலவசமாக இறக்கிவிட்டு, உள்ளே கேட்கக் கேட்கக் கட்டலாம்.

விலைக்கு வாங்குவதில் தலையிடி டொலர்தான். பெரிய புதுக் கேம் ஒன்று 70 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே 21,000 ரூபாய். 2025 ஏப்ரலில் இலங்கையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய் ஆனது. அமெரிக்காவில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டொலர். அங்கே பத்து மணி நேர வேலை, அந்த 27,000 ரூபாய்ச் சம்பளத்தில் இங்கே மூன்று கிழமைக்கு மேலான உழைப்பு. இதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2022இல் 200 ரூபாயளவில் நின்ற டொலர் 360ஐத் தொட்டபோது, கேமின் டொலர் விலை அப்படியே இருக்க, நமக்கு மட்டும் ஏறியது.

சரி, இலவசம்? ஃப்ரீ ஃபயர் என்ற இலவசக் கேம் சாதாரண ஃபோனிலும் ஓடும். வசதியில்லாத வீட்டுப் பொடியனும் விளையாடலாம், அது பெரிய விஷயம். ஆனால் காசை அங்கே 'வைரம்' என்ற கேமுக்குள் செல்லும் நாணயமாக மாற்றிவிடுவதால் எவ்வளவு போனது என்று பிள்ளைக்குப் பிடிபடாது. ஃபோர்ட்நைட் என்ற இன்னொரு இலவசக் கேமில் ஆட்களை ஏமாற்றி வாங்கவைத்ததாக எழுந்த வழக்கில், அதை நடத்தும் எபிக் நிறுவனம் 2022இல் 24.5 கோடி டொலர் கட்ட அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது.

என் தெரிவு, இரண்டு மூன்று வருடம் பழைய கேமைத் தள்ளுபடியில் வாங்குவது. கூட்டாளிகளோடு விளையாடத்தான் வேண்டுமென்றால் இலவசம் எடுங்கள். வங்கி அட்டையை மட்டும் அந்த ஃபோனில் பதிந்து வைக்காதீர்கள்.