ஆர்டி-11 5.3: பிடிபி-11 வன்பொருளோடு அதன் பொருத்தம் குறித்து ஒரு மதிப்பீடு

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் தன் பிடிபி-11 கணினி வரிசைக்காக 1973இல் வெளியிட்ட ஆர்டி-11 இயங்குதளத்தின் 5.3 பதிப்பை இரண்டு இடங்களில் இயக்கிப் பார்த்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். ஒன்று, டர்பனுக்குத் தெற்கே ஒரு தொழிற்சாலை கழித்துவிட்ட பிடிபி-11/23. இது உரிமத் தாளோடும் நெகிழ்வட்டுகளோடும் என் கைக்கு வந்தது. மற்றொன்று, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில், பழைய கணினிகளை மென்பொருளால் போலச்செய்யும் சிம்ஹெச் எமுலேட்டரை ஓட்டி 11/70இன் முன்பலகையை அப்படியே சிறிய அளவில் காட்டும் பைடிபி-11 என்னும் தொகுப்பு. வேகம், நிரல்மொழிகள், விளையாட்டுகள் ஆகியவற்றை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. கையில் இருக்கும் பழைய வன்பொருளை இந்த இயங்குதளம் எவ்வளவு தூரம் ஏற்றுக்கொள்கிறது என்பது மட்டுமே என் கேள்வி. தென்னாப்பிரிக்காவில் பழைய பிடிபி-11 ஒன்று கிடைத்தவர், வேறு எதையும் ஏற்றிப் பார்க்கும் முன் ஆர்டி-11ஐத்தான் ஏற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும், அது இடறும் இடங்களையும் கீழே சொல்கிறேன்.

ஆர்டி-11இன் பலம் அதன் ஹேண்ட்லர்களில், அதாவது சாதனங்களை இயக்கும் சிறு நிரல்களில், இருக்கிறது. ஒவ்வொரு சாதனத்துக்கும் வட்டில் ஒரு தனிக் கோப்பு உண்டு. ஆர்எல்02 வட்டுக்கு டிஎல், ஆர்கே05 வட்டுக்கு ஆர்கே, ஆர்எக்ஸ்02 நெகிழ்வட்டுக்கு டிஒய் என்று அவற்றின் பெயர்கள் இரண்டு எழுத்தில் முடிந்துவிடும். பிடிபி-11இல் எல்லாச் சாதனங்களின் பதிவகங்களும் (அவற்றோடு பேசுவதற்கான சிறு நினைவிடங்கள்) முகவரி வெளியின் கடைசி 8 கிலோபைட்டில், நினைவகத்தைப் போலவே படிக்கவும் எழுதவும் கூடிய முகவரிகளாக அமர்ந்திருக்கின்றன. இயங்குதளம் எழும்போது ஒவ்வொரு ஹேண்ட்லர் கோப்பின் முதல் தொகுதியிலும் குறித்து வைத்திருக்கும் முகவரியைத் தொட்டுப் பார்க்கிறது. பஸ்ஸில், அதாவது அட்டைகளை இணைக்கும் பொதுப் பாதையில், பதில் வந்தால் அந்த ஹேண்ட்லர் அட்டவணையில் சேர்கிறது. வராவிட்டால் ஓசையில்லாமல் விடப்படுகிறது. இதனால் ஆர்எல்02, ஆர்எக்ஸ்02 இரண்டின் ஹேண்ட்லர்களும் உள்ள ஒரே வட்டு, அவற்றில் ஒன்று மட்டும் பொருத்தப்பட்ட பெட்டியிலும் தயக்கமின்றி எழுகிறது. கருநிரலை மறுபடி கட்ட வேண்டிய தேவை இல்லை. முன்பு யாரோ அட்டையின் ஜம்பர்களை மாற்றி முகவரியை நகர்த்தி வைத்திருந்தால், செட் டிஎல் சிஎஸ்ஆர்=174400 என்பது போன்ற ஒரு வரியில் ஆக்டல் முகவரியைக் கொடுத்து, வெக்டரையும் (சாதனம் செயலியைக் குறுக்கிடும்போது அது பார்க்கும் முகவரி) அதேபோலச் சரிசெய்துவிடலாம். பிடிபி-11இல் ஓடும் மற்றோர் இயங்குதளமான 2.11பிஎஸ்டி யூனிக்ஸும் தொடக்கத்தில் ஓர் அட்டவணைக் கோப்பைப் படித்துச் சாதனங்களைத் தேடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தேடல் தொடங்குவதற்கே செயலி அதன் நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்க வேண்டும்.

செயலி விஷயத்தில்தான் இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் பெரிது. 2.11பிஎஸ்டிக்குக் கட்டளைகளையும் தரவுகளையும் தனித்தனி முகவரி வெளிகளில் வைக்கும் வசதி கட்டாயம். 11/44, 11/70, 11/73 போன்றவற்றில் அது உண்டு, 11/23இல் இல்லை. எனவே என் 11/23இல் அந்த யூனிக்ஸ் எழவே எழாது. ஆர்டி-11இன் எஸ்ஜே, எஃப்பி என்னும் இரு மானிட்டர்களும் (இங்கே மானிட்டர் என்பது திரை அல்ல, இயங்குதளத்தின் மையநிரல்) நினைவக மேலாண்மை அலகு இல்லாத, 11/03இன் செயலியான எல்எஸ்ஐ-11இல்கூட ஓடும். எக்ஸ்எம் மானிட்டருக்கு மட்டுமே அந்த அலகு வேண்டும். அதற்கென ஹேண்ட்லர் கோப்புகளும் பெயரில் எக்ஸ் என்ற எழுத்து சேர்ந்து தனியாக வருகின்றன என்பதை மறந்து, எஸ்ஜேயின் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் எக்ஸ்எம் எழாது.

செயலிகளுக்கிடையே வெளியில் தெரியாத ஒரு வேறுபாட்டையும் ஆர்டி-11 கவனித்திருக்கிறது. 11/70இல் செயலியின் நிலைச் சொல்லை (அதன் அப்போதைய நிலையைக் குறிக்கும் பதிவகத்தை) 177776 என்ற முகவரியில் நேரே படிக்கலாம், அதற்கென்று தனிக் கட்டளை கிடையாது. எல்எஸ்ஐ-11இல் நேர்மாறாகத் தனிக் கட்டளைகள் உண்டு, முகவரி கிடையாது. 11/23இல் இரண்டும் உண்டு. ஆகவே 11/23இல் எழுதிச் சோதித்த நிரல் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்றில் நின்றுபோக வாய்ப்பிருக்கிறது. ஆர்டி-11 தரும் .எம்டிபிஎஸ், .எம்எஃப்பிஎஸ் என்னும் மேக்ரோக்களைப் பயன்படுத்தினால் அந்த வேறுபாட்டை இயங்குதளமே பார்த்துக்கொள்கிறது. இதைச் சோதிக்க உண்மையான எல்எஸ்ஐ-11 தேவையில்லை. சிம்ஹெச்சில் செயலியை 11/03 என்று அமைத்து அதே வட்டுப் பிம்பத்தை (வட்டின் கோப்பு நகலை) எழுப்பினால் போதும். தொழிற்சாலை விட்டுச்சென்ற பழைய அளவீட்டு நிரல்களை நான் இப்படித்தான் சலித்தெடுத்தேன்.

இனி 11/23 பயன்படுத்தும் க்யூ-பஸ் என்னும் பஸ் கொண்ட பெட்டிக்கு வருவோம். இங்கே வரும் பெரும்பாலான தொல்லைகளுக்கு இயங்குதளம் பொறுப்பல்ல, ஆனால் பழி அதன் மேல்தான் விழுகிறது. க்யூ-பஸ்ஸில் செயலியைக் குறுக்கிடுவதற்கான இன்டரப்ட் அனுமதியும், செயலி வழியின்றி நினைவகத்தை எட்டுவதற்கான நேரடி நினைவக அனுமதியும் அட்டை அட்டையாகக் கடந்து செல்ல வேண்டும். நடுவில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் அதற்கு அப்பால் உள்ள அட்டைகளுக்கு அனுமதி போய்ச் சேராது. அந்த அட்டைகளின் பதிவகங்கள் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ஆர்டி-11 முகவரியைத் தொட்டுப் பார்த்து டிஎல் ஹேண்ட்லரைச் சேர்த்துவிடும், ஷோ டிவைசஸ் கட்டளையிலும் அது தெரியும், ஆனால் டைரக்டரி கேட்டால் கணினி பேசாமல் நிற்கும். இந்த அறிகுறி தெரிந்தால் முதலில் பெட்டியைத் திறந்து காலி ஸ்லாட்டைப் பாருங்கள். அடுத்து அட்டைகளின் விரல் தொடர்புகளைப் பாருங்கள். டர்பனின் கடற்காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பெட்டிகளில் தொடர்புகள் மங்கிப் போயிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் உயிர்பெறும் அட்டைகள் பல.

ஆர்எல்02 வட்டுக்கான ஆர்எல்வி11 கட்டுப்படுத்தி வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அது இரண்டு அட்டைகளாக வருகிறது. அவை தமக்குள் பேசுவதற்கு, அட்டைகள் செருகப்படும் பேக்பிளேனின் சி, டி வரிசைகள் வழியாக இணைப்பு இருக்க வேண்டும். எச்9273 பேக்பிளேனில் அந்த இணைப்பு உண்டு, எச்9270இல் இல்லை. மேலும் அது 18 பிட் முகவரிக்கு உரியது, அதாவது 256 கிலோபைட் வரை மட்டுமே அதனால் எட்ட முடியும். ஆர்எக்ஸ்02க்கான ஆர்எக்ஸ்வி21 அட்டையும் அப்படித்தான். 22 பிட் முகவரியுடன் பெரிய நினைவகம் வைத்திருப்பவர்கள் ஆர்எல்வி12ஐத் தேடிப் பெறுவது நல்லது. எஸ்ஜே, எஃப்பி மானிட்டர்களோடு நிற்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, ஏனெனில் அவற்றின் நிரல்கள் 56 கிலோபைட்டுக்குள்ளேயே வாழ்கின்றன.

தென்னாப்பிரிக்க வாசகர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது கடிகாரம். க்யூ-பஸ் பெட்டியில் மின்வழங்கியே நம் மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒரு கம்பி வழியாகச் செயலிக்குத் துடிப்பாக அனுப்புகிறது. ஆர்டி-11 அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் நேரம் சொல்கிறது. அமெரிக்காவின் மின்சாரத்துக்கு ஏற்ப நொடிக்கு 60 என்று கட்டப்பட்ட மானிட்டர் இங்கே நொடிக்கு 50 துடிப்பையே பெறுகிறது. விளைவாக ஒரு மணி நேரம் கடந்தபின் கணினி 50 நிமிடம்தான் ஆனதாகச் சொல்லும். ஒரு நாளில் 4 மணி நேரம் பின்தங்கும். தவறான நேரத்தை மட்டும் காட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். குறித்த துடிப்புகளுக்குப் பின் நிரலை அழைக்கும் .எம்ஆர்கேடி கட்டளையில் 60 துடிப்பு கொடுத்து நொடிக்கு ஒருமுறை வெப்பநிலை படிக்க எழுதிய நிரல், இங்கே 1.2 நொடிக்கு ஒருமுறை படிக்கும். அதன் பதிவேடு முழுவதும் பிசகிவிடும். ஷோ கான்ஃபிகரேஷன் கட்டளை கடிகாரம் 50ஆ 60ஆ என்பதைக் காட்டும். 60 என்றிருந்தால் மானிட்டரைக் கட்டும் எஸ்ஒய்எஸ்ஜென் மூலம் 50க்கு மறுபடி கட்டிக்கொள்ளுங்கள். சிம்ஹெச் தானாக 60ஐயே எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே வட்டுப் பிம்பத்தை இரண்டு இடத்திலும் பயன்படுத்துவோர் எமுலேட்டரில் செட் சிஎல்கே 50ஹெச்இசட் என்ற வரியையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அங்கே கடிகாரம் மணிக்கு 12 நிமிடம் முந்திச் செல்லும். கடிகாரத்துக்கு முன், அமெரிக்காவிலிருந்து வரவழைத்த பெட்டியானால் மின்வழங்கியின் தேர்வு 115 வோல்ட்டிலிருந்து 230க்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் சுவிட்சைத் தொடக்கூடாது.

லோட் ஷெடிங் என்னும் அட்டவணைப்படியான மின்வெட்டு நாட்களில் ஆர்டி-11 என் மதிப்பில் மேலும் உயர்ந்தது. இதில் ஒரு கோப்பு எழுதப்படும்போது அது தற்காலிகப் பதிவாகவே இருக்கும். நிரல் கோப்பை மூடும்போதுதான் நிரந்தரமாகிறது. நடுவே மின்சாரம் போனால் அந்த ஒரு கோப்பு இல்லாமல் போகும், ஏற்கெனவே மூடிய கோப்புகள் கெடாமல் இருக்கும். யூனிக்ஸில் ஒவ்வொரு மின்தடைக்கும் பின் வட்டைச் சரிபார்த்துத் திருத்த வேண்டியிருப்பதோடு இதை ஒப்பிட்டால் நிம்மதி புரியும். கோப்புகள் வட்டில் தொடர்ச்சியாகவே இடம்பிடிப்பதால், இடம் துண்டு துண்டாகிப் போகும்போது ஸ்க்வீஸ் கட்டளை கொடுத்து ஒதுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை மட்டும் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், ஏனெனில் அப்போது கோப்புகள் இடம் மாறிக்கொண்டிருக்கும்.

குறைகளும் உண்டு. தொகுதி எண் 16 பிட் ஆகையால் ஒரு வட்டு 32 மெகாபைட்டைத் தாண்ட முடியாது. கோப்புப் பெயர் 6 எழுத்து, பின்னொட்டு 3 எழுத்து. பழைய தேதி அமைப்பில் ஆண்டுக்கு 5 பிட்களே ஒதுக்கப்பட்டு 1972இலிருந்து எண்ணப்படுவதால் 2003க்கு மேல் அது போகாது.

பைடிபி-11 பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பற்றவைக்கத் தெரிந்தவர் கட்டி முடிக்கலாம். எல்ஈடிகளை ஒரே உயரத்தில் நிறுத்துவதில்தான் பொறுமை வேண்டும். சுவிட்சுகளில் ஆக்டல் எண் வைத்துக் குமிழை அழுத்தினால் விரும்பிய இயங்குதளம் எழுகிறது. ஆர்டி-11 5.3ஐப் பொழுதுபோக்காக எமுலேட்டரில் ஓட்ட உரிமம் அனுமதிக்கிறது. ஆனால் எமுலேட்டரில் காலி ஸ்லாட்டும் இல்லை, மங்கிய தொடர்பும் இல்லை. அதில் ஓடியது உண்மைப் பெட்டியில் ஓடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே பாலமாக நான் பரிந்துரைப்பது டியூ58 நாடாவின் டிடி ஹேண்ட்லர். அந்த நாடா இயக்கி சாதாரண சீரியல் கம்பியில் பேசுவதால், ஒரு மடிக்கணினியோ ராஸ்பெர்ரி பையோ அதுபோல நடிக்க முடியும். டிஎல்வி11-ஜே என்னும் சீரியல் அட்டையின் முதல் போர்ட் 176500 என்ற முகவரியிலும் 300 என்ற வெக்டரிலும் இருந்தால் ஆர்டி-11 எந்த மாற்றமும் கேட்பதில்லை. அட்டையின் வேகத்தை 38400க்கு வயர்ராப் கம்பியால் அமைத்துவிட்டால், 256 கிலோபைட் நாடாப் பிம்பம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வந்துசேரும். 9600 என்றால் நான்கரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். தொடக்க நிரல் பதிந்த பூட் ரோமில் இந்தச் சாதனம் இல்லையெனில், கன்சோலில் @ குறி தோன்றும்போது ஓடிடியில் (செயலிக்குள்ளேயே இருக்கும் சோதனை வசதியில்) தொடக்க நிரலின் ஆக்டல் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றலாம். ஒவ்வொரு எண்ணையும் திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகே தொடங்கும் கட்டளையைக் கொடுங்கள். வட்டு இயக்கி எதுவும் வேலை செய்யாத பெட்டியைக்கூட இந்த வழியில் எழுப்பிவிடலாம். பிறகு டிஎல், டிஒய் என்று ஒவ்வொரு ஹேண்ட்லராகச் சேர்த்துச் சோதித்துக்கொண்டு போகலாம்.